ஒரு நீச்சல் குளத்தின் கணக்கு

நீங்கள் நீச்சல் கற்றவரா? கற்றவர் என்றால், எங்கே கற்றீர்கள்?

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சிற்றூர்களில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள்: "பம்பு செட்டுக் கிணற்றில்." இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையையோ காலித் தகர டப்பாவையோ கட்டி, மாமாவோ அண்ணனோ மேலிருந்து தள்ளிவிடுவார். மூக்கிலும் வாயிலும் நீர் ஏறி, நாலு நாள் அழுது, ஐந்தாம் நாள் தானாகவே கையும் காலும் ஒத்துழைக்கத் தொடங்கும். அந்தத் திறந்தவெளிக் கிணறுகள் பல இன்று தூர்ந்துவிட்டன. அவற்றின் இடத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் வந்துவிட்டன. ஆழ்குழாய்க் கிணற்றில் நீர் இறைக்கலாம்; நீந்த முடியாது!

ஆனால் ஏரியும், கல் குவாரியும், தடுப்பணையும் அப்படியேதான் இருக்கின்றன. விடுமுறை நாளில் அவற்றில் இறங்கும் சிறுவர்களுக்கு மட்டும் நீச்சல் தெரிவதில்லை. 2021ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் 29 வயதுக்கு உட்பட்டவர்கள். இந்தச் செய்தியைப் படித்தவுடன், "ஊருக்கு ஊர் ஒரு நீச்சல் குளம் கட்டிவிட்டால் போயிற்று!" என்று உங்களுக்குத் தோன்றும். கட்டுவது கடினமில்லை. கட்டிய குளத்தை நடத்துவதுதான் கடினம். பல ஊர்களில் பொது நீச்சல் குளத்தின் வாயிலில் "பராமரிப்புப் பணிக்காக மூடப்பட்டுள்ளது" என்ற பலகையைப் பார்க்கிறோமே, அதன் பின்னால் இயற்பியலும் வேதியியலும் கொஞ்சம் உயிரியலும் ஒளிந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் பார்ப்போம்.

ஒரு ரயில், ஒரு குளம்

2019ஆம் ஆண்டுக் கோடையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து நீர் நிரப்பிய ரயில் ஒன்று சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. 50 தொட்டி வாகன்கள். வாகனுக்கு 50,000 லிட்டர். ஆக மொத்தம் 25 லட்சம் லிட்டர். அந்த ரயிலைப் பார்க்கவே கூட்டம் கூடியது.

இப்போது ஒரு சிறு கணக்கு. பன்னாட்டுப் போட்டிகள் நடத்தும் நீச்சல் குளத்தின் நீளம் 50 மீட்டர், அகலம் 25 மீட்டர். ஆழம் 2 மீட்டர் என்று கொள்ளுங்கள். மூன்றையும் பெருக்கினால் 2,500 கனமீட்டர். ஒரு கனமீட்டர் என்பது 1,000 லிட்டர். அதாவது 25 லட்சம் லிட்டர்! ஒரு பெருநகரமே வழிமேல் விழி வைத்துக் காத்திருந்த அந்த ரயிலின் நீர் முழுவதும் ஒரே ஒரு பெரிய நீச்சல் குளத்தை நிரப்பத்தான் போதும்.

சென்னையில் 1995ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக வேளச்சேரியில் கட்டப்பட்ட நீச்சல் வளாகம் போட்டிகளுக்கானது. மெரினா கடற்கரையில் சென்னை மாநகராட்சி நடத்தும் குளம் பொதுமக்களுக்கானது. சென்னை பெரிய மாநகராட்சி. அதன் கை சற்று நீளம். திருவள்ளூர் நகராட்சியையும் கும்மிடிப்பூண்டிப் பேரூராட்சியையும் எண்ணிப் பாருங்கள். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, அரசு தரும் நிதிப் பங்கு ஆகியவற்றைக் கொண்டுதான் அவை காலம் தள்ள வேண்டும். அந்தப் பணத்தில் குடிநீர், குப்பை, சாக்கடை, தெருவிளக்கு ஆகிய நான்கும் முதலில் கை நீட்டும். நீச்சல் குளம் வரிசையின் கடைசியில் நிற்கும்.

அப்படிப்பட்ட ஓர் ஊர் ஒரு சிறிய குளத்தை நடத்துவதாகக் கற்பனை செய்துகொள்வோம். நீளம் 25 மீட்டர், அகலம் 12.5 மீட்டர், சராசரி ஆழம் 1.6 மீட்டர். கொள்ளளவு 500 கனமீட்டர், அதாவது 5 லட்சம் லிட்டர். கட்டுரை முடியும் வரை இந்தக் குளத்தையே நாம் விடாமல் பிடித்துக்கொள்வோம்.

வானம் குடிக்கும் நீர்

பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் தேவை என்பது நம் நாட்டில் பொறியாளர்கள் கையாளும் அளவு. அதன்படி நம் குளத்தின் நீர் 3,700 பேருக்கு ஒரு நாளைக்குப் போதும். ஒரு முறை நிரப்பினால் பல மாதம் வரும் என்பதால் இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நிரப்பிய நீர் அப்படியே இருக்குமா?

தட்டில் வைத்த நீர் வற்றுவதைப் பார்த்திருக்கிறீர்கள். குளமும் ஒரு பெரிய தட்டுதான். நம் வட்டாரத்து வெயிலில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம்; கோடையில் இதைவிட மிகும். 5 மில்லிமீட்டர் என்பது அரிசியின் நீளம்! ஆனால் குளத்தின் பரப்பு 312.5 சதுர மீட்டர். பெருக்கினால் நாளொன்றுக்கு 1,562 லிட்டர் காற்றோடு போகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 47,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் நான்கு லாரி நீர். ஓர் ஆண்டுக்குக் கணக்கிட்டால் 1.8 மீட்டர் உயரத்துக்கு நீர் ஆவியாகிறது. நம் குளத்தின் சராசரி ஆழமே 1.6 மீட்டர்தானே? ஆகவே ஓராண்டில் வானம் ஒரு குளத்தை முழுதாகக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்கிறது.

"மழை திருப்பித் தராதா?" என்று கேட்பீர்கள். இந்த மாவட்டத்தில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையாக ஐப்பசி, கார்த்திகையில் ஒரேயடியாகக் கொட்டுகிறது. நிரம்பியிருக்கும் குளத்தில் கொட்டுகிற மழை வழிந்து வாய்க்காலுக்குப் போகிறது. வேண்டிய சித்திரை, வைகாசியில் வானம் வாய் திறப்பதில்லை.

இந்தச் சிக்கல் குளத்துக்கு மட்டும் உரியதன்று. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்கும் இதே கதைதான். சென்னை மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தி, பணி முடியும் முன்பே 1943இல் மறைந்தார். நீர்த்தேக்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே 2020ஆம் ஆண்டு கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. ஆழம் குறைந்து பரப்பு விரிந்த இந்த நீர்நிலைகள் எல்லாவற்றிலும் வானம் தன் பங்கை எடுத்துக்கொண்ட பின்புதான் நமக்கு மிச்சம்.

குளத்துக்கு ஒரு வசதி உண்டு. ஏரிக்கு அது கிடையாது. இரவில் குளத்தை மூடிவிடலாம். குமிழிகள் நிறைந்த பிளாஸ்டிக் விரிப்பை நீர் மேல் மிதக்கவிட்டால் காற்று நீர்ப்பரப்பைத் தொடாது. பெரிய செலவில்லாத இந்த விரிப்பைப் பல குளங்களில் காண முடிவதில்லை. வாங்கிய இடங்களிலும், சுருட்டவும் விரிக்கவும் ஆளில்லாமல் மூலையில் கிடப்பதுண்டு.

நீர் குறைவதற்கு இன்னொரு காரணம் கசிவு. வெளியே தெரியாத மயிரிழை விரிசல், தளர்ந்த குழாய் இணைப்பு இவற்றின் வழியே நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலும் 3,125 லிட்டர் போய்விடும். ஆவியானது எவ்வளவு, கசிந்தது எவ்வளவு என்று எப்படிப் பிரித்தறிவது? இதற்கு ஒரு வாளி போதும். வாளியில் நீர் நிரப்பி, குளத்தின் படிக்கட்டில் பாதி மூழ்கும்படி வையுங்கள். வாளிக்கு உள்ளே நீர்மட்டத்தையும் வெளியே குளத்தின் மட்டத்தையும் ஒரே உயரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயிலின் வேலை. வெளியே அதிகம் இறங்கியிருந்தால், அந்த வேறுபாடு கசிவு. லட்சக்கணக்கில் செலவழித்துத் தரையை உடைப்பதற்கு முன் இந்த வாளியை வைத்துப் பார்ப்பது நல்லது அல்லவா?

பாதி வடிகட்டினால் என்ன?

ஒரே நீரை மாதக்கணக்கில் வைத்துக்கொள்வதால் அதை ஓயாமல் தூய்மை செய்தாக வேண்டும். குளத்தின் நீரை மோட்டார் இழுத்து, மணல் நிரம்பிய பெரிய உருளைக்குள் செலுத்துகிறது. நீர் மணல் வழியே இறங்கும்போது அழுக்கு தங்கிவிடுகிறது. மிக நுண்ணிய துகள்கள் மணல் இடுக்கில் நழுவிவிடும். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெரிதாக்கப் படிகாரம் சேர்க்கிறார்கள். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தெளியவைத்தார்களே நம் பாட்டிமார்கள், அதே தந்திரம்தான்.

500 கனமீட்டர் நீரும் 6 மணி நேரத்தில் ஒரு முறை வடிகட்டி வழியே போய்வர வேண்டும் என்று மோட்டாரைப் பொருத்தியிருக்கிறார்கள் என்று கொள்வோம். "அப்படியானால் 6 மணி நேரம் ஓட்டினால் குளம் முழுவதும் சுத்தமாகிவிடும், பிறகு மோட்டாரை நிறுத்தி மின்சாரத்தை மிச்சப்படுத்தலாமே!" இப்படி ஒரு கணக்கர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது.

வடிகட்டிய நீர் தனியே ஒரு தொட்டிக்குப் போவதில்லை. அதே குளத்துக்குத் திரும்பி அழுக்கு நீரோடு கலக்கிறது. ஆகவே மோட்டார் அடுத்து இழுக்கும் நீரில் ஏற்கெனவே வடிகட்டிய நீரும் இருக்கிறது. நன்றாகக் கலக்கும் குளத்தில், ஒரு சுற்று முடியும்போது 63 விழுக்காடு நீர்தான் வடிகட்டியைக் கண்டிருக்கும். இரண்டு சுற்றுக்குப் பின் 86. மூன்றுக்குப் பின் 95. நான்கு சுற்று, அதாவது 24 மணி நேரமும் ஓடினால், 98. நூறு என்பது வரவே வராது. உங்கள் கணித ஆசிரியரிடம் கேட்டால், இந்த எண்களுக்கும் 2.718 என்ற விந்தை எண்ணுக்கும் உள்ள உறவைச் சொல்லுவார். மோட்டாரை 8 மணி நேரம் மட்டும் ஓட்டும் குளத்தில் நூற்றுக்கு 26 பங்கு நீர் வடிகட்டியின் முகத்தையே பார்ப்பதில்லை.

சரி, மின்சாரச் செலவு எவ்வளவு? 7.5 குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 5.6 கிலோவாட். நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினால் 90 யூனிட். மாதத்துக்கு 2,700 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 21,600 ரூபாய். நுழைவுக் கட்டணம் பத்து ரூபாய் என்றும், நாளும் 200 பேர் வருகிறார்கள் என்றும் கொண்டால் மாத வரவு 60,000. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மோட்டாரே விழுங்கிவிட்டது. மீதியில் லாரித் தண்ணீர், மருந்து, மணல் மாற்றுதல், துப்புரவு, எல்லாவற்றுக்கும் மேலாக உயிர்காப்போர் சம்பளம். உயிர்காப்போர் இல்லாத குளத்தைத் திறப்பதைவிடத் திறக்காமலிருப்பதே மேல். கட்டணத்தை ஐம்பது ரூபாயாக்கினால் கணக்கு நேராகும். ஆனால் அப்போது வரவேண்டிய பிள்ளைகள் வரமாட்டார்கள்.

இந்த இடத்தில் இயற்பியல் கொஞ்சம் கைகொடுக்கிறது. சுழலும் பம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது தள்ளும் நீரும் பாதியாகிறது. ஆனால் அது உண்ணும் மின்திறன் பாதியாவதில்லை; எட்டில் ஒரு பங்காகிறது! அதே அளவு நீரைத் தள்ள இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும், மொத்த மின்சாரம் நான்கில் ஒரு பங்குதான். நடைமுறையில் உராய்வு முதலியவற்றால் இவ்வளவு மிச்சம் கிடைக்காது. என்றாலும் கணிசமாகவே கிடைக்கும். ஆகவே மோட்டாரை விரைவாக ஓட்டிச் சீக்கிரம் நிறுத்துவதைவிட, மெதுவாக ஓட்டி நீண்ட நேரம் விடுவதே சிக்கனம். வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவிக்கு முதலில் பணம் போட வேண்டும். ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் "மின்கட்டணம்" என்ற தலைப்பில் மாதாமாதம் பணம் கிடைக்கும். "புதுக் கருவி" என்ற தலைப்பில் கிடைப்பது அரிது. சிறிய ஊர்கள் தடுக்கி விழும் இடம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

கண் எரிந்தால் குளோரின் மிகுதியா?

வடிகட்டி அழுக்கைப் பிடிக்கும். கிருமிகளை முழுவதும் பிடிக்காது. அவற்றைக் கொல்லக் குளோரின் வேண்டும். பத்து லட்சம் பங்கு நீருக்கு ஒரு பங்கு குளோரின் இருந்தாலே, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஈ. கோலை பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் மடிந்துவிடும். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற மற்றொன்று, அதே குளோரினில் பத்து நாளுக்கு மேல் உயிரோடு கிடக்கும்! படிகாரமும் மணலும் ஒழுங்காக இருப்பது ஏன் முக்கியம் என்று இப்போது புரிகிறதா? வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் குளத்தில் இறங்கவே கூடாது என்பதும் இதனால்தான்.

நம் குளத்துக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் 500 கிராம் குளோரின். சலவைத்தூளில், அதாவது பிளீச்சிங் பவுடரில், மூன்றில் ஒரு பங்குதான் பயன்படும் குளோரின். எனவே ஒன்றரைக் கிலோ தூள் தேவை. மலிவுதான். ஆனால் திறந்த குளத்தில் குளோரினுக்கும் வெயிலுக்கும் ஆகாது. உச்சி வெயிலில், பாதுகாப்பு எதுவும் இல்லாத குளோரினில் பாதி ஒரு மணி நேரத்துக்குள் சிதைந்துவிடுகிறது. காலையில் போட்ட மருந்து, பள்ளி விட்டு நீங்கள் வரும்போது இருக்காது. ஆகவே மாலையில் மீண்டும் சோதித்துச் சேர்க்க வேண்டும்.

சயனூரிக் அமிலம் என்ற பொருளைச் சேர்த்தால் அது குளோரினுக்குக் குடை பிடிக்கும். குளோரின் நெடுநேரம் நிற்கும். கடைகளில் விற்கும் பல குளோரின் வில்லைகளில் இது சேர்ந்தே வருகிறது. ஆனால் குளோரின் செலவழிந்துபோக, சயனூரிக் அமிலம் மட்டும் நீரிலேயே தங்கி நாளுக்கு நாள் பெருகும். அளவு மிஞ்சினால் குடை கனத்துக் குளோரினின் கையையே கட்டிவிடும். கிருமி சாவது மந்தமாகும். பிறகு அதை நீக்க, நீரை வெளியேற்றிப் புது நீர் விடுவதைத் தவிர எளிய வழியில்லை. மருந்தில் மிச்சம் பிடித்ததை லாரித் தண்ணீரில் கொட்டிவிட்டோம்!

பி.எச். எண் என்று வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். குளோரின் நீரில் கரைந்து ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. கிருமியைக் கொல்லும் வீரன் அதுதான். பி.எச். 7.5 ஆக இருக்கும்போது போட்ட குளோரினில் ஏறத்தாழப் பாதி இந்த வடிவில் இருக்கும். 8 ஆக ஏறினால் கால் பங்குதான் இருக்கும். அதாவது பி.எச்.சைக் கவனிக்காத குளத்தில் வாங்கிய குளோரினில் முக்கால் பங்கு கைகட்டி நிற்கிறது. சில சொட்டு வேதிப்பொருளும் நிற அட்டையும் கொண்ட சோதனைப் பெட்டிதான் இதற்கு வேண்டியது. குளத்தின் பொருள்களிலேயே விலை குறைந்ததும், காலியான பின் வாங்கப்படாமல் நின்றுபோவதும் அதுதான்.

தூளை ஆண்டுக்கு ஒரு முறை ஒப்பந்தப்புள்ளி கேட்டு மொத்தமாக வாங்கி அடுக்குவதும் உண்டு. பிளீச்சிங் பவுடர் சூட்டிலும் ஈரத்திலும் வலுவிழக்கும். பழவேற்காட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் உப்புக் காற்று வீசும் இந்தப் பக்கத்தில், தகரக் கூரைக் கிடங்கில் பத்து மாதம் கிடந்த தூள் பெயருக்குத்தான் பிளீச்சிங் பவுடர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாங்கினால் விலை சற்று ஏறும். வாங்கியது வேலை செய்யும். ஓர் எச்சரிக்கை: இந்தத் தூளையும் அமிலத்தையும், அல்லது இந்தத் தூளையும் மேற்சொன்ன வில்லைகளையும் ஒரே வாளியில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. முன்னதில் நச்சுவாயு எழும். பின்னதில் தீயும் வெடிப்பும் நேரலாம். இது விளையாட்டுக்கும் செய்து பார்க்கும் சோதனையன்று.

இனி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி, வெளியே வந்தால் சிவந்த கண். "குளோரினை அள்ளிக் கொட்டிவிட்டார்கள்" என்று முணுமுணுப்போம். உண்மை பெரும்பாலும் நேர்மாறு. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள யூரியா முதலிய நைட்ரஜன் பொருள்களோடு குளோரின் சேர்ந்து குளோரமீன்களாகிறது. அந்த நெடியும் எரிச்சலும் குளோரமீன்களுடையவை. கிருமியோடு போராட வேண்டிய குளோரின், நம் வியர்வையோடு மல்லுக்கட்டி ஓய்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். இதைச் சிதைக்க, சேர்ந்துவிட்ட அளவைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு குளோரின் புதிதாக ஊற்ற வேண்டியிருக்கிறது. குளத்தில் இறங்குமுன் ஒரு நிமிடம் பூந்தூவலில் நின்று உடம்பைக் கழுவினாலே அழுக்கில் பெரும்பகுதி போய்விடும். 200 பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் ஒதுக்கினால், நகராட்சிக்கு ஒரு மூட்டை மருந்து மிச்சம்.

மூடி வைத்தால் செலவில்லையா?

"இத்தனை தொல்லை எதற்கு? பணம் வரும் வரை மூடிவிட்டால் போகிறது" என்று முடிவெடுக்கும் ஊர்களும் உண்டு. நீரை அப்படியே விட்டு மூடினால் குளோரின் இரண்டு நாளில் போய்விடும்; ஒரு வாரத்தில் பாசி பச்சைப் பசேலென்று படரும்; பிறகு கொசு குடியேறும். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்பீல்டு நகரில் 2007இல், வீட்டுக் கடன் கட்ட முடியாமல் மக்கள் விட்டுச்சென்ற வீடுகளின் நீச்சல் குளங்களில் கொசு பெருகி, அந்த ஆண்டு வெஸ்ட் நைல் வைரஸ் காய்ச்சல் வெகுவாகப் பரவியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நீரை இறைத்துவிட்டுக் காலியாக மூடினாலோ, ஆர்க்கிமிடீசு வந்து நிற்பார்! கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர் போன்ற கடலோரச் சமவெளியில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைக்கு மிக அருகே ஏறிவிடும். மண்ணுக்குள் புதைந்த காலிக் குளம், நீருக்குள் அமுக்கிய காலிப் பாத்திரத்தைப் போன்றது. நிலத்தடி நீர்மட்டம் குளத்தின் அடித்தளத்துக்கு ஒரு மீட்டர் மேலே ஏறினால், 312.5 சதுர மீட்டர் பரப்பின் மீது 312 டன் விசை மேல்நோக்கித் தள்ளும். 15 சென்டிமீட்டர் தடிமத் தரையும் 20 சென்டிமீட்டர் தடிமச் சுவரும் கொண்ட நம் குளத்துக் கான்கிரீட்டின் எடை 180 டன்கூட இல்லை. என்ன நடக்கும்? குளம் மிதக்கப் பார்க்கும். தரை புடைத்து விரிசல் விடும். அடுத்த கோடையில் திறக்க வரும் பொறியாளர், பழுதுபார்க்கக் கேட்கும் தொகை ஓராண்டுப் பராமரிப்பைவிட மிகுதியாயிருக்கும். மூடிய குளத்திலும் நீரைக் குறையாமல் வைத்து, அதற்குக் கொஞ்சமாவது மருந்தும் மோட்டாரும் தருவதே பிழைக்கும் வழி.

மீஞ்சூரைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஆரணியாறு - கொசஸ்தலையாற்றுப் படுகையில் பல ஆண்டுகளாக அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் கடல்நீர் நிலத்துக்கடியில் உள்ளே நுழைந்துவிட்டது. உவர்ப்பேறிய அந்த நீரை ஆழ்குழாயிலிருந்து எடுத்துக் குளத்தில் விட்டால், ஆவியாகி ஆவியாகி உப்பு மட்டும் கெட்டியாகும். குழாயும் கைப்பிடியும் துருவேறும். நீரில் இரும்புச்சத்து இருந்தால் குளோரின் பட்டதும் குளமே தேநீர் நிறமாகும். "போர் போட்டால் நீர் இலவசம்" என்ற கணக்கு இங்கே எடுபடாது.

பிற நாட்டார் படும் பாடு

குளிர் நாடுகளுக்கு வேறு தலைவலி. அங்கே நீரைச் சூடாக்க வேண்டும். 2022இல் எரிவாயு விலை ஏறியபோது ஜெர்மனியில் பல நகரங்கள் நீச்சல் குளத்தின் வெப்பத்தைக் குறைத்தன. 2023இல் இங்கிலாந்தின் எக்ஸ்மவுத் நகரில், கணிப்பொறிகள் வேலை செய்யும்போது கக்கும் வெப்பத்தைக் கொண்டு குளத்து நீரைச் சூடாக்கினார்கள். அந்த வெப்பத்தில் நமக்கு வேலையில்லை. வெப்பம்தான் இங்கே மலிந்து கிடக்கிறதே!

நமக்கு அருகில் இருப்பது வங்காளதேசத்து வழி. அங்கே கான்கிரீட்டுக் குளம் தேடாமல், ஊர்க்குட்டையிலேயே மூங்கிலால் தளமும் வேலியும் அமைத்து, ஆழம் மிஞ்சாத அந்தக் கூண்டுக்குள் சிறுவர்களுக்கு நீச்சல் சொல்லித் தருகிறார்கள். மோட்டார் இல்லை, மின்கட்டணம் இல்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 2015இல் திறந்த வெபர் பூங்காக் குளத்தில் குளோரின் இல்லை. நீரைச் சரளைக்கல்லும் நீர்த்தாவரமும் நிறைந்த பாத்தி வழியே ஓடவிட்டுத் தூய்மை செய்கிறார்கள். அதற்குக் குளத்தளவு பெரிய பாத்தி வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாடும் வேண்டும். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் தெப்பக்குளத்திலும் வெயிலும் மீனும் மண்ணும் தம்மாலான தூய்மைப் பணியைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அமாவாசைக் கூட்டம் முழுவதும் ஒரே நாளில் இறங்கினால் எந்த இயற்கைக் குளமும் தாங்காது. பெரும் பரப்பும் சிறு கூட்டமும் இருந்தால் தாவரப் பாத்தி. சிறு பரப்பும் பெருங்கூட்டமும் இருந்தால் குளோரின்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு அகன்ற தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுக் குவளையால் இரண்டிலும் சமமாக நீர் ஊற்றி, மொட்டை மாடியில் அருகருகே வையுங்கள். ஒன்றைத் திறந்தே விடுங்கள். மற்றதில் பிளாஸ்டிக் தாளை நீர்ப்பரப்பின் மேல் படியும்படி வெட்டி மிதக்கவிடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் இரண்டிலும் மீந்த நீரை அளந்து எழுதுங்கள். தட்டின் பரப்பைக் கணக்கிட்டு, எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று காணுங்கள். வெயில் நாளிலும் மேகமூட்ட நாளிலும் காற்றடிக்கும் நாளிலும் ஒரு வாரம் தொடர்ந்து செய்து, ஒரு வரைபடம் போடுங்கள். பிறகு நம் 312.5 சதுர மீட்டர்க் குளத்துக்கு அதைப் பெருக்கி, இரவு முழுவதும் விரிப்பு போட்டால் மாதத்துக்கு எத்தனை லாரி நீர் மிஞ்சும் என்று உங்கள் ஊர்க் கணக்கைக் கண்டுபிடியுங்கள்.